பசறை வீதிப் பம்பை நான் பூட்டிய நாள்

பதுளையில் பசறை வீதி தொடங்கும் இடத்தில் சென்ற மாதம் பெற்றோல் வைத்த ஒரு பழைய இரும்புத் தொட்டியை மண்ணுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். மின்சாரப் பம்புகள் வரப்போகின்றனவாம்; அவற்றுக்கு இதைவிடப் பெரிய தொட்டி வேண்டுமாம். அங்கே வேலை செய்கிறவர்கள் எனக்கு ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தேன். துருப்பிடித்து, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"ஐயா, கையால பம்பு அடிச்சு எப்புடிங்க ஒரு நாள் பூரா ஓட்டினீங்க?" என்று கேட்டார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சவரிமுத்து. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பிறந்தேன். அப்பா தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் பார்த்தவர். எஞ்சின் சத்தம் மாறினால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவார். அந்தக் காது எனக்கும் வந்தது. பெரிய யுத்தத்துக்குச் சற்று முன்னால், பண்டாரவளையில் மோட்டார் கார் விற்கும் கம்பனி ஒன்று கடை திறந்து ஆள் தேடியபோது, என் காதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாமல் போய் நின்றேன். முதல் இரண்டு வருடம் துடைத்தேன். மூன்றாம் வருடம் ஆணி முடுக்கினேன். நான்காம் வருடம்தான் வண்டியை ஓட்ட விட்டார்கள்.

அந்தக் கடையை ஊரில் எல்லோரும் கண்ணாடிக் கடை என்றார்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே கண்ணாடி. அது கொழும்பிலிருந்து வைக்கோல் சுற்றி ரயிலில் வந்தது. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு மாட்டு வண்டில் பாதைதான். கார்களும் ரயிலில், மரப்பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கி, நாங்கள் பூட்டிக் காராக்குவோம்.

எங்கள் மேலாளர் ரொசைரோ ஐயா. ஐரோப்பிய வம்சத்துப் பறங்கியர். ரயில்வே எஞ்சின் கொட்டகையில் வேலை கற்று வந்தவர். கோட்டும் தொப்பியும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. எஞ்சினில் காது வைக்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றுவார். யாரையும் திட்டியதில்லை, வேலை பிழைத்துவிட்டால், பிழைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். அதைவிடத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். எங்களையெல்லாம் 'நீர்' என்றுதான் அழைப்பார். லயத்துப் பிள்ளையாகிய என்னை அதுவரை யாரும் அப்படி அழைத்ததில்லை.

அவர் முறை இதுதான். பெட்டியின் பலகையை உடைக்கக் கூடாது. ஆணியைப் பிடுங்கி, பலகையைச் சேதமில்லாமல் எடுக்க வேண்டும். எல்லா உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைக்க வேண்டும். பூட்டி முடித்த பிறகு துணியில் ஒரு மரையாணிகூட மிஞ்சக் கூடாது. அதன் பின் அப்புத்தளை ஊர் வரை ஏற்றத்திலும், எல்ல ஊர் வரை இறக்கத்திலும் ஓட்டிப் பார்ப்போம். திரும்பி வந்ததும் வண்டியைச் சலித்த மணல் பரப்பிய தரையில் நிறுத்திவிட்டுப் போவோம். மறுநாள் காலை அவரே வந்து வண்டியைத் தள்ளச் சொல்லி, குனிந்து மணலைப் பார்ப்பார். ஒரு துளி எண்ணெய்க் கறை இருந்தாலும் அன்று அந்த வண்டி கடையை விட்டுப் போகாது. வாங்க வந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரை வாசலில் நின்று கத்தினாலும் போகாது.

அந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தை இன்றும் சொல்லிக்கொள்வேன். மடுல்சீமையில் ஒரு துரைக்குக் கார் கொடுக்கப் போனேன். அந்த வகைக் காரில் பெற்றோல் தொட்டி ஆசனத்துக்கு அடியில் இருக்கும். பெற்றோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகும். ஏற்றம் செங்குத்தானால், எஞ்சின் மேலேயும் தொட்டி கீழேயுமாகிவிடும், வண்டி நின்றுவிடும். தோட்டத்துக்கு மூன்று மைல் இருக்கும்போது நின்றது. வண்டியைத் திருப்பினேன். பின் கியரில் போட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே மலை ஏறினேன்; அப்போது தொட்டி மேலே, எஞ்சின் கீழே. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்த முதல் கார் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது.

துரை பங்களா வாசலில் நின்றார். "என் காரு ஏன் எனக்கு முதுகு காட்டுது?" என்றார்.

"முன்னால வரச் சொன்னேனுங்க. ரோட்டப் பாத்துட்டு மாட்டேன்னுருச்சு," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு ஃபெக்டரி வரை கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துத் துரைமார் கார் வாங்கினால், கொண்டுவருவதற்கு என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்.

பிறகு பதுளைக்கு ரயில் வந்தது. கம்பனி பசறை வீதியில் ஒரு கிளை போட்டது. அதுவரை பெற்றோல் தகரத்தில்தான் விற்றோம். ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு தகரம். தகரத்தைத் திறந்து, புனலில் பதனிட்ட மெல்லிய தோலை விரித்து, அதன் வழியாக வண்டிக்குள் ஊற்றுவோம். தோல் பெற்றோலை விடும், தண்ணீரை மேலே நிறுத்திவிடும். ஒரு வண்டிக்குக் கால் மணி நேரமாகும். புதுக் கிளையில் தொட்டியைப் புதைத்து, மேலே ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பம்பு வைத்தார்கள். தலையில் ஒரு கண்ணாடிக் குடுவை. கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் குடுவை நிறையும். குழாயைத் திறந்தால் வண்டிக்குள் இறங்கும். பார்க்க ஊரே திரண்டது. அதன் பொறுப்பை ரொசைரோ ஐயா என்னிடம் கொடுத்தார். சாவியைக் கையில் வைத்து, மூன்று விதி சொன்னார். காலையில் முதல் குடுவையை விற்கக் கூடாது, பார்க்க வேண்டும். பம்புக்குப் பக்கத்தில் பீடி கூடாது. தொட்டியில் புதுப் பெற்றோல் ஊற்றினால் ஒரு மணி நேரம் விற்கக் கூடாது. அடியில் இருக்கிற அழுக்கும் தண்ணீரும் கலங்கி மேலே வந்திருக்கும், அவை திரும்பவும் அடியில் தங்க வேண்டும்.

மூன்றாவது விதியை ஒரு நாள் மீறினேன்.

மழைக் காலம். பதுளைக் குதிரைப் பந்தயத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஊவா மாகாணத்துத் துரைமார் எல்லோரும் காரில் வந்து இறங்குகிற நாட்கள் அவை. கம்பனியின் பெரிய ஆள் ஒருவரும் பம்பைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. அதற்காகக் காலையிலேயே ரயிலில் வந்த பீப்பாய்களைத் தொட்டியில் கவிழ்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சேகு முதலாளியின் பஸ் வந்து நின்றது. அவர் பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி; அவர் பேச்சில் 'சொல்' 'செல்' ஆகும், 'இருந்த' 'ஈந்த' ஆகும். பசறைக்கு முதல் பஸ் விட்டவர்களில் ஒருவர். உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அவசரப்படுத்தினான். குடுவையில் பெற்றோல் சற்று மங்கலாக ஏறியது. நுரை என்று நினைத்தேன். நுரையாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்பதே சரி.

பஸ் பசறை ஏற்றத்தில் நின்றது. பின்னோக்கி உருண்டது. பிரேக் பாதிதான் பிடித்தது. பாதை ஓரத்தில் இருந்த ஒரு பெரிய கல்லில் பின்சக்கரம் முட்டி நின்றதால் பள்ளத்தில் விழவில்லை. பயத்தில் குதித்த ஒரு பெண்ணுக்கு வலது கை முறிந்தது.

பதினொரு மணிக்குச் சேகு முதலாளி வந்தார். கையில் ஒரு போத்தல், பஸ்ஸின் தொட்டியிலிருந்து பிடித்தது. வீதியில் போனவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"சவரி, ஒங்கள நம்பித்தான் நான் இங்க பெற்றோல் அடிக்கிற. இதுக்குள்ள என்னத்தக் கலந்தீங்க, செல்லுங்க."

"நான் ஒண்ணும் கலக்கலைங்க மொதலாளி."

"அப்ப இது என்ன?" போத்தலைத் தூக்கிப் பிடித்தார். மேலே பெற்றோல், அடியில் தண்ணீர், நடுவே கோடு கிழித்ததுபோலத் தெரிந்தது. "இருவது பேர் ஈந்தாங்க பஸ்ஸுல. பள்ளத்துல போயீந்தா யாரு பதில் செல்ற?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் என் கையைச் சந்தேகித்ததில்லை. "பத்து நிமிஷம் நில்லுங்க மொதலாளி. எல்லாரும் நில்லுங்க," என்றேன்.

ஒரு வெறும் போத்தலின் அடியில் ஈயக்கட்டியைக் கட்டினேன். கழுத்தில் ஒரு கயிறு, தக்கையில் இன்னொரு கயிறு. மூடியபடியே தொட்டியின் அடி வரை இறக்கி, அங்கே தக்கையைச் சுண்டி இழுத்தேன். போத்தல் அடியிலிருப்பதைக் குடிக்கும். மேலே எடுத்துச் சுவர் ஓரத்தில் வைத்தோம். கலக்கம் தெளியும்வரை காத்திருந்தோம். தெளிந்தபோது ஏறக்குறைய முழுதும் தண்ணீர். அளவுகோலை இறக்கிப் பார்த்தால், தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பம்பு உறிஞ்சுகிற குழாயின் வாய் ஐந்து விரல் உயரத்தில் இருந்தது.

"தண்ணி என் தொட்டியிலதான் இருக்குங்க," என்றேன். "நான் ஊத்தல. எப்புடி வந்துச்சுன்னு தெரியல. ஆனா, புதுசா ஊத்துனா ஒரு மணி நேரம் நிக்க விடணும். ஒங்க பஸ்ஸுக்காக நான் நிக்க விடல. அது என் தப்பு."

அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னது எளிதாக இல்லை. சேகு முதலாளி என் போத்தலையும் எடுத்துக்கொண்டு, "இது ரெண்டும் என்கிட்ட ஈக்கட்டும்," என்று சொல்லிப் போய்விட்டார்.

பம்பைப் பூட்டினேன். பண்டாரவளைக்குத் தந்தி அடித்தேன். மூன்று மணிக்குப் பதில் வந்தது. நிரப்பியதும் ஒரு மணி நேரம் பொறுத்து விற்கவும், பந்தயம் முடிந்ததும் தொட்டியைச் சுத்தம் செய்யலாம் என்று ரொசைரோ ஐயா எழுதியிருந்தார். விதிப்படி பார்த்தால் அது நியாயமான உத்தரவு. ஆனால் மழை தினமும் பெய்துகொண்டிருந்தது. பந்தய நாளில் பம்பு ஓயாது. தொட்டி நிரம்பும், குறையும், மறுபடி நிரம்பும். ஒரு மணி நேரம் யார் பொறுப்பார்கள்?

தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண் பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கிற கை.

"நான்தாம்மா பெற்றோல் ஊத்துனவன்," என்றேன்.

"வேணும்னேவா ஊத்துனீங்க?"

"இல்லம்மா. அவசரத்துல கவனிக்காம விட்டுட்டேன்."

"என் கை ஒட்டிக்கிடும்ங்க. நாளைக்கும் பஸ்ஸு போகுமில்ல, அதப் பாத்துக்கங்க," என்றாள்.

மறுநாள் காலை ரயில் நிலையத்துக்குப் போய், பம்பின் சாவியை ஓர் உறையில் போட்டு, பண்டாரவளைக்குப் போகும் வண்டியின் கார்டிடம் கொடுத்தேன். உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: 'பம்பைப் பூட்டிவிட்டேன். திறப்பதென்றால் ஐயா வந்து திறக்கவும்.' வேலை போய்விட்டது என்று எண்ணிக்கொண்டே நடந்து வந்தேன். வேறு தொழில் தெரியாது. லயத்தை விட்டு வந்தவன் திரும்பிப் போய் நிற்கவும் இடமில்லை. ஆனாலும் நெஞ்சில் பாரம் இல்லை.

மாலை ரயிலில் ரொசைரோ ஐயா வந்து இறங்கினார். சாவி அவர் கையில் இருந்தது. வணக்கம் சொன்னேன், தலையை அசைத்தார். நேரே தொட்டிக்குப் போனார்.

"போத்தலை இறக்கும்."

இறக்கினேன். எடுத்து வைத்தேன். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, போத்தலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். கோட்டின் நுனி சேற்றில் பட்டது. அவர் கவனிக்கவில்லை.

"எத்தனை விரல்?"

"அஞ்சு விரலுங்க."

"நேற்று?"

"நாலுங்க. இன்னைக்குப் பம்பு உறிஞ்சுற கொழா வாயத் தொட்டுருச்சு."

வெகுநேரம் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிழைத்த இடத்தைப் பார்த்து நிற்பாரே, அதே பார்வை. இந்த முறை என்னைக் குறித்து அல்ல என்று தெரிந்தது.

"தந்தி அடிக்கும்போது நான் இதைப் பார்க்கவில்லை, சவரி," என்றார். "பார்த்த பிறகும் விற்கச் சொன்னால் நான் மனுசன் இல்லை. பண்டாரவளையில் இருக்கிற தகரம் எல்லாவற்றையும் காலை ரயிலில் ஏற்றச் சொல்லுகிறேன். தோலும் புனலும் இன்னும் வைத்திருக்கிறீரா?"

"இருக்குங்க."

"நல்லது. நாளைக்கு நாம் இரண்டு பேரும் பழையபடி ஊற்றுவோம்."

கம்பனியின் பெரிய ஆள் மறுநாள் காலை வந்தார். பம்பில் தொங்கிய பலகையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. தொட்டியில் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆகையால் பம்பு மூடப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் ரொசைரோ ஐயா தன் கையால் எழுதியிருந்தார். பழுது பார்க்கிறோம் என்று எழுதினால் போதாதா என்று அந்த ஆள் கேட்டார். "முந்தாநாள் நாங்கள் விற்றது எத்தனை வண்டியில் இருக்கிறதோ தெரியாது, சேர்," என்றார் ரொசைரோ ஐயா. "அவர்கள் இதைப் படிக்க வேண்டும்."

அதைப் படித்துத்தான் நான்கு வண்டிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய தொட்டிகளை வடித்து, கழுவி, நல்ல பெற்றோல் ஊற்றி அனுப்பினோம். ஒன்றில் ஒரு கோப்பை அளவு தண்ணீர் இருந்தது. அந்த வண்டி மாலையில் மடுல்சீமை ஏற இருந்த வண்டி.

அன்று வீதியில் கார்கள் பாலம் வரை நின்றன. ரொசைரோ ஐயா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு புனல் பிடித்தார். நான் தகரம் கவிழ்த்தேன். அவரைக் கோட்டில்லாமல் அன்றுதான் பார்த்தேன். தாமதத்துக்காகச் சில துரைமார் முணுமுணுத்தார்கள். ஒருவர் மட்டும் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு, இனி என் தோட்டத்து லொறிக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பந்தயம் நடந்த நாட்களில் எங்களிடம் பெற்றோல் வாங்கிய ஒரு வண்டிகூட மலையில் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பெருமையோடு நினைக்கிற நாட்கள் அவை. மாலையில் இரண்டு பேருடைய விரல்களும் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன.

பந்தயம் முடிந்ததும் தோண்டினோம். வீதி போடும் வேலையாட்கள் ஓரத்து வாய்க்காலை உயர்த்தியிருந்தார்கள். மழைத் தண்ணீர் எங்கள் பக்கம் தேங்கி, பெற்றோல் ஊற்றும் குழாயின் பொருத்தில் இருந்த ஒரு பிளவு வழியாக இறங்கியிருந்தது. நகம்கூட நுழையாத பிளவு. குழாயை நிலத்துக்கு மேல் இடுப்பளவு உயர்த்திக் கட்டினோம். கம்பனியின் மற்ற ஊர்களிலும் அதற்குப் பிறகு அப்படியே கட்டினார்கள். யார் யோசனை என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியும்.

பம்பு திறந்த அன்று முதல் வண்டியாகச் சேகு முதலாளியின் பஸ் வந்தது. அவரே முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இறங்கி, எல்லோரும் கேட்க, "அடிங்க சவரி," என்றார். நான் குடுவையை நிரப்பி, அவர் பார்க்கும்வரை நிறுத்தி வைத்தேன். அவர் குடுவையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சில மாதம் கழித்து அந்தத் தோட்டத்துப் பெண்ணும் அதே பஸ்ஸில் பதுளைக்கு வந்தாள். சன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள்.

அந்தப் பலகைக்காக ரொசைரோ ஐயாவுக்குக் கொழும்பிலிருந்து கடுமையான கடிதம் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் சொல்லவில்லை. அடுத்த சில வருடங்களில் தேயிலை விலை விழுந்தது. துரைமார் புதுக் கார் வாங்குவதை நிறுத்தினார்கள். ரயிலில் பெட்டி வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. கண்ணாடிக் கடையை மூடினார்கள். அந்தப் பெரிய கண்ணாடியை ஒரு துணிக்கடைக்காரர் வாங்கினார். கட்டடம் இரண்டாம் யுத்தத்தில் பட்டாளத்துச் சாமான் அறையாக இருந்தது. இப்போது அந்த வளவில் மரக்கறி லொறிகள் நிற்கின்றன. ரொசைரோ ஐயா மாத்தளைக்குத் தங்கையிடம் போனார். ஸ்டேஷனில் அவர் பெட்டியை நான்தான் ஏற்றிவைத்தேன். "நீர் அந்தச் சாவியை எனக்கு அனுப்பினீரே, அதற்காக நான் இன்னும் உமக்கு நன்றி சொல்லவில்லை," என்றார். வண்டி புறப்பட்டுவிட்டது. அவர் சொல்ல வேண்டியதில்லை என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

பதுளைக் கிளையையும் விற்கப்போவதாகக் கம்பனி அறிவித்தது. நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சேகு முதலாளி நடந்தே வந்தார்.

"எடத்த நான் எடுத்துட்டேன்," என்றார். "பம்பும் சேத்துத்தான். நீங்க எங்கயும் போகத் தேவல்ல."

"நான் ஒண்ணு கேக்கணுங்க மொதலாளி."

"கேளுங்க."

"எனக்குச் சரியில்லன்னு பட்டா, யாரையும் கேக்காம நான் பம்பப் பூட்டுவேன். ஒங்க சொந்த பஸ்ஸு நின்னாலும் பூட்டுவேன்."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தானே ஒங்கள வெக்கிற," என்றார்.

அவரிடமும் அவருக்குப் பின் அவர் மகனிடமும் இருபத்திரண்டு வருடம் அந்த இடத்தில் வேலை செய்தேன். மூன்று முறை பம்பைப் பூட்டினேன். ஒரு முறைகூட, ஏன் பூட்டினீர்கள் என்று அவர்கள் கேட்டதில்லை.